நாலாவது பாட்டும் ஏழு சட்டைகளும்

அன்புள்ள சின்னக் குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, அக்கா மூன்று பேரும் உடம்புக்குப் பெரிதாக ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் இருமல், தொண்டைக் கரகரப்பு எதுவும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். கடிதம் கனமாக இருக்கிறதே என்று பயந்துவிடாதே, யாருக்கும் எதுவும் ஆகிவிடவில்லை. போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தாலே அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அவர் உட்கார்ந்தால் நீ இரண்டு பேருக்கும் பொதுவாகப் பேசுகிறாய், நானும் பொதுவாகப் பேசுகிறேன், கடைசியில் அங்கே மழையா இங்கே வெயிலா என்பதோடு கதை முடிந்துபோகிறது. இது அப்படிப் பொதுவில் பேசுகிற விஷயம் இல்லை.

அப்பாவுக்கு முழங்கால் வலி முன்பைவிடக் குறைவு. லிஃப்ட் ரிப்பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியும் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்டுக்குள் நின்று காதைச் சுவரோடு வைத்துக் கேட்கிறார், போன வாரம் பல் டாக்டர் வீட்டுக் கட்டடத்தில் அப்படி நின்று ஒரு அம்மாளைப் பயமுறுத்திவிட்டார். குளியலறைக் குழாய்க்குப் புது வாஷர் போட்டாயிற்று. மாடிப்படி விளக்கு இன்னும் எரியவில்லை. நீ கவனித்தாயோ என்னவோ, மூன்று வருடமாக என் கடிதங்களில் குழாயும் முழங்காலும் விளக்கும் தவிர வேறொன்றும் இருந்ததில்லை. வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன். அக்காவைப் பற்றின உன் சட்டைப் பாட்டு வந்த பிறகு எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது, நான் எதை எழுதினாலும் நீ அதைப் பாட்டாக்கிவிடுவாய் என்று. அதனால் பாட முடியாத சங்கதியாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எழுதினேன். குழாய் வாஷரை வைத்து யார் பாட்டுக் கட்ட முடியும் சொல். இந்தக் கடிதத்தில் அந்த ஜாக்கிரதை எதுவும் இல்லை.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கும் கண்ணாடிக்காரருக்கும் அடுத்த மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் கல்யாணக் கையெழுத்து. ஒரு வருடமாக வீட்டுக்கு வந்துபோகிறார் என்று அப்பா உன்னிடம் சொல்லியிருப்பார். ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சாரியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், நாற்பத்தொரு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை வந்து அக்காவின் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். இரண்டு முறை பரீட்சையில் தோற்றார். மூன்றாவது முறை ஜெயித்த பிறகும் பாடத்துக்கு வந்துகொண்டே இருந்தார், அப்போதுதான் அக்காவுக்கு விஷயம் புரிந்ததாம். ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்கிற மனுஷனுக்கு ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் இருக்கிற தூண் தெரிவதில்லை என்று அவள் கேலி செய்வாள், அவரும் சேர்ந்து சிரிப்பார். நல்ல மனிதர். அதனால்தான் எனக்குத் தூக்கமில்லை.

உன் புது ஆல்பத்துக்கு வருகிறேன். நீ இசையை மாற்றிக்கொண்ட விஷயம் எனக்கு உன் வாயால் தெரியவில்லை. எங்கள் ஆஸ்பத்திரித் துணி அறையின் பொறுப்பாளர் அம்மாள் ஒரு வார இதழைக் கொண்டுவந்து, இஸ்திரி மெஷின் மேல் விரித்து, இதோ பார் உன் பெண் என்று காட்டினார்கள். பாதிப் பக்கத்துக்கு உன் படம். கையில் கிதார் இல்லை. நீ கிதார் இல்லாமல் நிற்கிற படத்தை நான் பார்த்ததே கிடையாது, ஏதோ கையில் இருந்த குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு நிற்கிற மாதிரி இருந்தாய். இத்தனை நாள் அறைக்குள் உட்கார்ந்து நீயே எழுதி, நீயே மெட்டுப் போட்டு, காதோடு காதாகப் பாடிக்கொண்டிருந்த பெண், இனிமேல் கிளாரினெட், பியானோ, பெரிய பேஸ், பிரஷ்ஷால் தட்டுகிற டிரம்ஸ் என்று நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு லேசான ஸ்விங் ஜாஸ் பாடப்போகிறாள் என்று போட்டிருந்தது. ஏன் மாறினாய் என்று கேட்டதற்கு நீ சொன்ன பதிலை ஸ்டீம் சத்தத்துக்கு நடுவில் நின்றபடியே மூன்று தடவை படித்தேன். ஏதோ ஒரு ஊரில் பாடி முடித்து இறங்கியதும் ஒரு பெண்மணி உன் கையைப் பிடித்துக்கொண்டு, புருஷன் விட்டுப்போய் ஆறு வருடம் ஆகிறது, நானும் உன் அக்கா மாதிரிதான் அவன் சட்டைகளுக்கு இன்னும் இஸ்திரி போட்டு வைக்கிறேன், உன் பாட்டுத்தான் எனக்குத் தெம்பு, இனி விடவே மாட்டேன் என்றாளாம். அதற்குப் பிறகு உனக்குக் கிதாரைத் தொடவே பிடிக்கவில்லையாம். பிறகு ஒரு நடனக் கூடத்தில் ஜாஸ் வாசித்ததைக் கேட்டாயாம், இந்தத் தாளத்துக்கு யாராலும் அழவும் முடியாது இஸ்திரி போடவும் முடியாது என்று தோன்றியதாம், அதனால் அதே பாட்டை எடுத்துப் புது ஆல்பத்தில் நாலாவதாக ஸ்விங்கில் பாடியிருக்கிறாயாம். என் அக்கா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்க வேண்டும், அதற்காகத்தான் என்று சொல்லியிருந்தாய். பொறுப்பாளர் அம்மாள் என் தோளைத் தட்டி, எவ்வளவு பாசம் பார் என்றார்கள். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாக அந்த அறையில் வேலை செய்கிறேன், அந்தச் சூட்டில் வேர்க்காத கை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா செருப்புத் தைக்கப் போயிருந்தார், அக்கா கீழே காரைக் கழுவிக்கொண்டிருந்தாள், நான் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு உன் ஆல்பத்தைப் போட்டேன். முதல் மூன்று பாட்டும் கேட்க நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்ல வரவில்லை. ஒரு காலில் மட்டும் செருப்புப் போட்டுக்கொண்டு ஒருத்தன் நடந்துபோகிற மாதிரி ஒரு தாளம், ஆனால் நடக்கிறவன் அதைப் பற்றிக் கவலைப்படாமல் ஜாலியாக நடக்கிறான். உன் குரலும் வேறாக இருந்தது. முன்பெல்லாம் ஒவ்வொரு சொல்லையும் கையில் வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்பாய், இப்போது பாதிச் சொல்லை அந்தரத்தில் விட்டுவிட்டுக் கிளாரினெட் எடுத்துக்கொள்ளட்டும் என்று நிற்கிறாய். பிறகு நாலாவது பாட்டு வந்தது. அதே சொற்கள். காலர், கைப்பட்டி, பை, ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் அதே. ஆனால் குதித்துக்கொண்டு வந்தன. நான் அப்படியே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கருகல் வாசனை வந்த பிறகுதான் கீழே பார்த்தேன். ஆமாம் குட்டி, என் கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. நீலச் சட்டையின் பைமேல் அது நின்றுகொண்டிருந்தது.

வாசனை கீழே வரைக்கும் போய், கையெல்லாம் சோப்பு நுரையோடு அக்கா ஓடி வந்தாள். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. நான் பதறிப்போய் அதை நிறுத்தப் போனேன், அவளுடைய துக்கத்தை நீ கூத்தாக்கிவிட்டாயே என்று எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நிறுத்தாதம்மா, இருக்கட்டும். இதுதான் சரியா இருக்கு. அவர் போன அன்னைக்கு எனக்கு இப்படித்தான் இருந்துச்சு" என்றாள். சொல்லிவிட்டு, பாட்டு முடிகிற வரைக்கும் அங்கேயே நின்று கேட்டாள். மூன்று வருடத்தில் உன் குரலை அவள் நின்று கேட்டது அன்றைக்குத்தான்.

இனி நான் சொல்வதைப் பொறுமையாகப் படி. உன் அக்கா ஒரு நாளும் அந்தச் சட்டைகளைத் தொட்டதில்லை. இஸ்திரி போட்டது நான்தான். முதல் வாரத்திலிருந்து நான்தான். மாப்பிள்ளை, பார் இன்னும் எனக்கு அப்படித்தான் எழுத வருகிறது, அவர் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய் இனி வரமாட்டேன் என்று போனில் சொன்னபோது ஏழு சட்டைகளை அலமாரியில் விட்டுப்போனார். அக்கா அன்றைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அடுத்த நாள் அறைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தாள், அந்த வாரமே டிரைவிங் ஸ்கூலில் வேலைக்குச் சேர்ந்தாள், சமையலறையில் சீட்டி அடித்தாள். எனக்கு அது தாங்கவில்லை. பெண்ணா இது, புருஷன் போயிருக்கிறான் சீட்டி அடிக்கிறாளே, அக்கம்பக்கத்தில் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டே திரிந்தேன். அப்போதுதான் உன்னிடமிருந்து கடிதம் வந்தது, அக்கா எப்படி இருக்கிறாள், மறைக்காமல் எழுது என்று. அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஒரு மனைவி எப்படி இருக்க வேண்டும் என்று நான் நினைத்தேனோ அப்படி எழுதினேன். ஒவ்வொரு ஞாயிறும் ஏழு சட்டைகளையும் எடுத்து, காலரிலிருந்து ஆரம்பித்து, பையைக் கடைசியாக வைத்து, இஸ்திரி போட்டு அடுக்கி வைக்கிறாள் என்று எழுதினேன். அந்த வரிசை என் வரிசை. துணி அறையில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற வரிசை அது. நீ அதைப் பாட்டில் அப்படியே வைத்தாய், ஒரு சொல் மாற்றவில்லை. காலரில் ஆரம்பித்துப் பையில் முடிகிற வேலை யாருடைய வேலை என்று உனக்குக்கூடத் தோன்றவில்லையே என்று எனக்கு அப்போது ஆச்சரியமாக இருந்தது. சின்ன வயதில் பள்ளிச் சட்டைக்கு நான் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவள்தானே நீ.

அக்காவுக்கு எல்லாம் தெரியும். ஒரே வீட்டில் இருக்கிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா. பாட்டு வந்து ஊரெல்லாம் கேட்டு, அவளிடம் வண்டி கற்றுக்கொள்ள வந்த பெண்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே ரேடியோவைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த அக்கா நீங்கள்தானாமே என்று பரிதாபமாகத் திரும்பிப் பார்த்து வண்டியை நடைபாதையில் ஏற்றப் பார்த்தபோதும், அவள் தன் பக்கத்து பிரேக்கை அழுத்திவிட்டுச் சும்மா இருந்தாளே தவிர, அது நான் இல்லை என் அம்மா என்று சொல்லவில்லை. உன்னோடு பேசுவதை நிறுத்தினாளே, அது சட்டைக்காக இல்லை. தங்கை என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், கேட்காமல் பாடிவிட்டாள், கேட்டிருந்தால் அம்மாவைக் காட்டிக்கொடுக்க வேண்டியிருந்திருக்கும், அதனால் கேட்காததும் நல்லதுதான், ஆனால் கோபம் கோபம்தான் என்று சட்டை கருகின அன்றைக்கு என்னிடம் சொன்னாள். நீங்கள் இரண்டு பேரும் மூன்று வருடமாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் இருப்பது நான் எழுதின ஒரு பக்கத்தால்.

ஏன் இஸ்திரி போட்டாய் அம்மா என்று கேட்பாய். எனக்கே நேராகச் சொல்ல வரவில்லை, சொல்லிப் பார்க்கிறேன். அந்த வரனைப் பிடித்ததே நான். அப்பா யோசிக்கலாம் என்றார், அக்கா தலையை ஆட்டினாள், நான்தான் விடாப்பிடியாக நின்றேன். அவர் திரும்பி வரும்போது சட்டைகள் கசங்கிக் கிடந்தால் நாங்கள் கதவைச் சாத்திவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார், என் தப்பு உறுதியாகிவிடும் என்று இருந்தது. அது ஒரு பாதி. இன்னொரு பாதியை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல மாட்டேன். மாலையில் நான் வேலை முடிந்து வந்தால் இந்த வீட்டில், இன்றைக்கு ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது அத்தை என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான். நான் பழைய படுக்கை விரிப்புகளைக் கிழிசல் பார்த்துப் பிரிப்பது, ஆபரேஷன் அங்கிகளில் கறை போவது போகாதது, எல்லாவற்றையும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கேட்பார். அக்காவுக்கு அவர் எப்படிப்பட்டவராக இருந்தார் என்று நான் பார்க்கவில்லை, பார்க்க விரும்பவில்லை. அவள் பேச்சை அவர் ஒரு நாளும் முழுதாகக் கேட்டதில்லையாம், அதையும் அன்றைக்குத்தான் சொன்னாள். விட்டுப்போனது அவளை. அழுதது நான். என் அழுகையை அவள் பேரில் எழுதி உனக்கு அனுப்பிவிட்டேன்.

அக்கா விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு இரண்டு வருடம் ஆன பிறகும் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன் குட்டி. உன் மெதுவான பாட்டைப் போட்டுக்கொண்டு போடுவேன். பாட்டில் ஒரு அடி முடியும்போது சட்டையில் ஒரு கை முடியும், அவ்வளவு சரியாகப் பொருந்தும். அப்பாவுக்கும் தெரியும். ஒரு தடவை இஸ்திரிப் பெட்டியின் வயரைக் கழற்றி ஒளித்து வைத்தார், நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை, மூன்றாம் நாள் தானே பொருத்திக் கொடுத்துவிட்டு, வயர் பழசாகிவிட்டது மாற்றினேன் என்றார். ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் சரிசெய்தவர் என்னை மட்டும் எப்படிச் சரிசெய்வது என்று தெரியாமல் விட்டுவிட்டார். அதனால் அந்தப் பேட்டியில் என் அக்கா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்க வேண்டும் என்று நீ சொன்னாயே, நீ யாரிடம் பேசுகிறாய் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நீ ஏன் ஜாஸுக்குப் போனாய் என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். விற்பனைக்காக என்று ஒருவர், முதிர்ச்சி என்று ஒருவர், சொந்தக் குரலைத் தொலைத்துவிட்டாள் என்று இன்னொருவர். நான் சொன்ன பொய்யைச் சரிசெய்ய என் பெண் தன் பாட்டையே மாற்றிக்கொண்டாள் என்று யாருக்குத் தெரியும்.

இப்போது முக்கியமான சங்கடம். கண்ணாடிக்காரர் உன் பழைய பாட்டைப் பல தடவை கேட்டிருக்கிறார், அது அக்காவைப் பற்றியது என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் பாட்டில் இருப்பதை அப்படியே நம்பிக்கொண்டிருக்கிறார். போன மாதம் என்னோடு பாத்திரம் துடைத்துக்கொண்டே, "அத்தை, அவங்க மனசுல முதல் இடம் யாருக்குன்னு எனக்குத் தெரியும், பாட்டே இருக்கு. நான் அதுக்குப் போட்டி போட வரல. பக்கத்துல ஒரு நாற்காலி கிடைச்சாப் போதும்" என்றார். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் தெரியுமா, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. கட்டிக்கொள்ளப் போகிற மனுஷன் இரண்டாம் இடத்துக்குத் தயாராக வருகிறார், அதுவும் நான் கற்பனை பண்ணின ஒரு முதலிடத்துக்கு அடுத்ததாக. அக்காவிடம் ஏன் நீ அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன். அது என் விஷயம் இல்லை, உன் விஷயம், நீ சொல்ல வேண்டியது என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு பாடத்துக்குப் போய்விட்டாள்.

சொல்லத்தான் போனேன். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தெருவைக் கடந்து அவர் கடைக்குப் போனேன். ஆள் இல்லாத நேரம். வாங்க அத்தை என்று அந்த உயரமான நாற்காலியில் உட்கார வைத்தார், என் மூக்கின் மேல் இரும்புச் சட்டத்தை மாட்டினார், சொல்ல வந்ததைச் சொல்வதற்குள் ஒரு கண்ணை மூடிவிட்டார். இது தெளிவா, இது தெளிவா என்று ஒவ்வொரு கண்ணாடியாகப் போட்டுப் போட்டுக் கேட்டார். நானும் இது, அது, முன்னாடிப் போட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அரை மணி நேரம் அவர் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார், என்னால் சொல்ல முடியவில்லை. புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். பார்வை கொஞ்சம் மாறியிருக்கிறதாம், வயசுதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார். வியாழக்கிழமை கண்ணாடி தயாராகிவிடும், வாங்கப் போகும்போது சொல்லிவிடுவேன் என்று உனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் எனக்கு என்னைத் தெரியும்.

சட்டைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கருகின நீலச் சட்டையை அக்கா காரின் முன்கண்ணாடி துடைக்க எடுத்துக்கொண்டாள், நல்ல பருத்தி, தூசி பிடிக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னாள். எங்கள் துணி அறையில் ஒரு அலமாரி உண்டு, விபத்தில் வருகிறவர்களின் உடையை அவசரத்தில் கத்தரித்துவிடுவார்கள் இல்லையா, குணமாகி வீட்டுக்குப் போகும்போது போட்டுக்கொள்ள அவர்களுக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுப்போம். ஐந்து சட்டைகளை அதில் கொண்டுபோய் வைத்தேன். நேற்று ஒரு பெயின்டர், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து கூடியவர், அந்தக் கோடு போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு போனார். அவருக்குக் கை கொஞ்சம் நீளம்தான், மடித்துவிட்டேன். ஒரு வெள்ளைச் சட்டை மட்டும் இன்னும் வீட்டில் இருக்கிறது. உன்னிடம் இனிப் பொய் சொல்லக் கூடாது என்று எழுத உட்கார்ந்ததால் சொல்கிறேன், ஒன்று இருக்கிறது.

அப்பா உன் ஆல்பத்தைத் தினமும் கேட்கிறார். எண்ணெய் போட்ட லிஃப்ட் மாதிரி இருக்கிறதாம், ஏறுவது தெரியாமல் ஏறுகிறதாம். அதற்கு மேல் அவரிடமிருந்து பாராட்டு வாங்க முடியாது. எனக்கு இன்னும் அந்தத் தாளம் பழகவில்லை. காலை பஸ்ஸில் போகும்போது தொடையில் தட்டிப் பார்க்கிறேன், எங்கேயோ ஒரு இடத்தில் தடுமாறிவிடுகிறேன். நீ பாடும்போது சிரிக்கிறாய் என்று படத்தில் தெரிகிறது. அந்தச் சிரிப்பு நிஜமா என்று தாய்க்குக் கவலை வரத்தான் செய்யும். அக்கா சீட்டி அடித்தபோது அதை நான் நம்பவில்லை, இப்போது உன் சிரிப்பையும் நம்பாமல் இருந்தால் நான் எதைக் கற்றுக்கொண்டேன் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஆனாலும் கேட்கிறேன், நீ நன்றாக இருக்கிறாயா. எனக்காகவோ அக்காவுக்காகவோ லேசாகப் பாட வேண்டாம். உனக்கு அது லேசாக இருந்தால் பாடு. அந்த மெதுவான பாட்டை இனிமேல் எங்கேயும் பாடமாட்டேன் என்று பேட்டியில் சொன்னாய், அந்தப் பெண்மணியை நினைத்தால் அது நியாயம்தான். ஆனால் அதை வெறுத்துவிடாதே. அதில் துக்கப்பட்டவள் பொய் இல்லை, பேர்தான் பொய்.

அக்கா உன்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவாளா என்று கேட்காதே, கேட்டுப் பார்த்தேன். நான் கூப்பிட மாட்டேன், வந்தால் போ என்றும் சொல்ல மாட்டேன் என்றாள். இதுவே பெரிய விஷயம் என்று அப்பா சொல்கிறார், எனக்கு அப்படித் தோன்றவில்லை, மனது ஆறவில்லை. கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமை உன் கச்சேரி இந்த ஊரில் என்று தெரிந்ததுமே கண்ணாடிக்காரர் நாலு டிக்கெட் வாங்கி வைத்துவிட்டார், மூன்றாவது வரிசை, எல்லோருக்கும் இன்ப அதிர்ச்சி கொடுக்கிறாராம். அக்காவிடம் காட்டியபோது அவள் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டுப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாள். அவர் என்னமோ தப்பாகச் செய்துவிட்டோமோ என்று என்னைப் பார்த்தார்.

தொண்டையைப் பார்த்துக்கொள், பாடி முடித்த சூட்டோடு குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே. நாலு பேரோடு சேர்ந்து வாசிக்கிறாய், அவர்களும் வேளைக்குச் சாப்பிட்டார்களா என்று கேள், தனியாகப் பாடிப் பழகினவளுக்கு அது மறந்துபோகும். மேடையில் குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டாம், உனக்குக் கணுக்கால் ஒரு தடவை பிசகினதுதானே. நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நல்ல துணையோடு, நல்ல குரலோடு நூறு வருடம் நிம்மதியாக இருக்க வேண்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், இந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, தபால்தலை மட்டும் ஒட்டிக் கொடுத்தார்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நாலாவது பாட்டுக்கு முன்னால் அது யாருடைய கதை என்று நீ மேடையில் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். வியாழக்கிழமை நான் கண்ணாடிக்காரரிடம் சொல்லியிருந்தாலும் சரி, வாயடைத்துத் திரும்பி வந்திருந்தாலும் சரி, அன்றைக்கு மைக்கில் என் அக்கா என்று சொல்லாதே. என் அம்மா என்று சொல். நான் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன். எழுந்து போக மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா